தையலக்காவின் கலியாணப் போர்வை

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள கரம்பொனுக்குக் கலியாணமாகி வந்தபோது எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியும், சட்டைக்குத் தெறி, அதாவது பொத்தான், வைக்கத் தெரியும். அதற்குமேல் தையல் தெரியாது. நான் பிறந்து வளர்ந்தது புங்குடுதீவு மடத்துவெளியில். எங்கள் வீட்டில் கிழிந்ததைத் தைப்பது அப்பாவின் வேலை. அவர் சாக்குத் தைக்கும் தடித்த ஊசியால் எல்லாவற்றையும் தைப்பார்.

என் கணவர் எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு கொழும்பு வேலையை விட்டு ஊருக்கு வந்தவர். கலியாணம் முடிந்த சில மாதங்களிலேயே சவூதிக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் அவருடைய தாயான மாமியும்தான். எனக்குச் செய்ய வேலை இருக்கவில்லை. மாமி சமைத்தால் என்னைக் குசினிக்குள் விடமாட்டார்; நான் சமைத்தால் அவர் சாப்பிடமாட்டார். மத்தியானத்துக்குப் பிறகு வாசல் கதிரையில் இருந்து தபால்காரர் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதைப் பார்த்துச் சலித்துப்போய் ஒரு சனிக்கிழமை மாமி சொன்னார்:

"பிள்ளை, இப்பிடியே றோட்டைப் பாத்துக்கொண்டிருந்தீரெண்டா விசர்தான் பிடிக்கும். வேதக்காரற்ற கோயிலடி மண்டபத்தில பொம்பிளையள் கூடித் தைக்கினம். போய் இரும். தைக்கத் தெரியாட்டிக் கதையெண்டாலும் கேட்டுக்கொண்டு வாரும்."

அப்படித்தான் நான் அந்தக் கூட்டத்துக்குள் போனேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் ஓடு வேய்ந்த சின்ன மண்டபம். நிலத்தில் பெரிய பாய் விரித்து, சுற்றிவரப் பெண்கள் இருப்பார்கள். நடுவில் துணித் துண்டுகள் குவிந்து கிடக்கும். பள்ளிக்கூடச் சட்டையின் வெள்ளை, ஆண்கள் உடுத்தும் சாரத்தின் கட்டம், வொயில் சேலையின் பூ, யாரோ ஒருவரின் பழைய யன்னல் சீலை, எல்லாம் அதற்குள் இருக்கும். அவற்றை முக்கோணமாகவும் சதுரமாகவும் வெட்டி, ஒன்றோடு ஒன்று பொருத்தி, மேல்பக்கம் ஆக்குவார்கள். உள்ளே பழைய பருத்திச் சேலை. அடிக்கு அவித்து வெளுத்த மாப் பைத் துணி. மூன்றையும் சேர்த்து நெருக்கமாக ஓடுதையல் போட்டால் போர்வை. நாங்கள் அதை ஒட்டுப்போர்வை என்போம்.

எங்கள் வெயிலுக்கு யாருக்குப் போர்வை என்று கேட்பவர்கள் கடலுக்குப் போகிறவர்களைக் கேட்க வேண்டும். கடற்கரைப் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களுக்காக நெடுங்காலமாகவே பழைய சாரங்களை அடுக்கித் தைத்து வள்ளத்தில் கொடுத்து விடுகிறவர்கள். அதற்குள் முக்கோணமும் நட்சத்திரமும் வந்தது ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரால். அவர் கணக்குக் கொப்பித் தாளில் கோலம் கீறுவதுபோலக் கீறிக்கொண்டு வருவார். வாடைக்காற்று தொடங்கியதும் தோட்டக்காரர் வீடுகளிலும் போர்வை வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்படி எங்கள் பக்கத்துச் சைவப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள்.

கூட்டத்துக்குத் தலைவி என்று ஒருவரும் இல்லை. ஆனால் சத்தம் சம்மாட்டியாரின் மனைவியுடையது. சொந்தமாக வள்ளங்கள் வைத்திருந்த வீடு. நாங்கள் அவரைச் சம்மாட்டியம்மா என்போம். அவர் சிரித்தால் தேவாலயத்து மாடத்துப் புறாக்கள் கிளம்பும். தைப்பது குறைவு, யார் எதைத் தைப்பது என்று சொல்வதுதான் அதிகம்.

நேர்மாறானவர் தையலக்கா. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர். ஊரில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையும், கலியாணச் சட்டைகள் எல்லாமும் அவருடைய மெசினில் தைத்தவைதான். தகப்பன் படுக்கையில் கிடந்த காலம், தம்பிமார் படித்த காலம், தங்கச்சி கலியாணம் என்று வருடங்கள் போய்விட்டன. அவருக்கும் ஒரு கலியாணம் வரும் என்று யாரும் நினைத்ததில்லை. அவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. தன் வெட்டுத் துண்டுகளை எல்லாம் தலையணை உறையில் அடைத்துக்கொண்டு வந்து பாயில் கொட்டுவார். "எடுங்கோ" என்பார். பிறகு வீட்டுக்குப் போகும்வரை பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

நான் முதன்முதல் தைத்த சதுரத்தை அவர் கையில் வாங்கி, மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். முக்கோணங்களின் நுனிகள் ஒன்றையொன்று சந்திக்காமல் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தன.

"நல்ல நூல்," என்றார்.

அவருக்குப் பொய் சொல்லவும் தெரியாது, மனதை நோகடிக்கவும் தெரியாது. எனக்கு அன்றே அவரைப் பிடித்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் கழிந்திருக்கும். அந்தச் சனிக்கிழமை தையலக்கா வரவில்லை. சம்மாட்டியம்மா பாயில் இருந்தவுடனேயே குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தியதை நான் அன்றுதான் முதன்முதல் கண்டேன்.

"தெரியுமோ சங்கதி? எங்கட தையல்காரிக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. மாப்பிள்ளை மண்டைதீவு. மனிசி செத்து ரெண்டு வரிசம். ஒரு பெட்டைப் பிள்ளை இருக்கு, ஏழெட்டு வயது. நல்ல மனிசனாம், குடி இல்லை."

 எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினோம். ரீச்சர்தான் சொன்னார், இவ்வளவு காலமும் எங்களுக்குத் துண்டு தந்தவளுக்கு நாங்கள் ஒரு போர்வை தைத்துக் கொடுக்க வேண்டும் என்று. அவருக்குத் தெரியாமல் தைக்க வேண்டும் என்று சொன்னது சம்மாட்டியம்மா.

இரகசியத்தை எங்கே வைப்பது என்று பார்த்தபோது எங்கள் வீடு அகப்பட்டது. தையலக்கா எங்கள் பக்கம் வருவது குறைவு. புதன்கிழமை பின்னேரங்களில் எங்கள் கூடத்தில் கூடுவது என்று முடிவாயிற்று. மாமியிடம் கேட்கப் பயந்துகொண்டு கேட்டேன். "வரட்டுமன், ஆர் வேண்டாமெண்டது?" என்றார். முதற் புதனே எல்லோருக்கும் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு ஓரத்தில் குந்தினார். இரண்டாம் புதன் ஊசி கேட்டார்.

சிக்கல் துணியில்தான். நல்ல துண்டுகள் தையலக்காவிடம்தான் இருந்தன. எனவே சனிக்கிழமைகளில் அவர் கொட்டும் குவியலிலிருந்து ஆளுக்கு ஆள் நல்லவற்றைப் பொறுக்கி மடிக்குள் வைக்கத் தொடங்கினோம். பாவம், அவர் தன் கலியாணப் போர்வைக்குத் தானே துணி கொண்டுவந்து தந்தார்.

"என்ன, எல்லாரும் நீலத்தையே எடுக்கிறியள்?" என்று ஒருமுறை கேட்டார்.

"கடலைப் பாத்துப் பாத்து எங்களுக்கு நீலம் பிடிச்சுப்போச்சு," என்றார் சம்மாட்டியம்மா. ஒருவரும் சிரிக்காமல் இருந்தது பெரிய காரியம்.

மேல்பக்கம் முக்கால்வாசி முடிந்த ஒரு புதன்கிழமை. கூடத்தில் போர்வையை விரித்துவிட்டு நாலு மூலையிலும் இருந்து தைத்துக்கொண்டிருந்தோம். வெளிப் படலை திறந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், குடையை மடக்கிக்கொண்டு தையலக்கா வருகிறார். மாமி போன கிழமை தேவாலயத் திருவிழாச் சந்தையில் அவரைக் கண்டு, சட்டை ஒன்று தைக்க வேண்டும், வந்து அளவெடும் என்று சொல்லியிருந்தாராம். சொன்னதை மறந்தும் போயிருந்தார்.

ரீச்சரும் மற்றவர்களும் எழும்பி அறைக்குள் ஓடினார்கள். சம்மாட்டியம்மா ஓட முடியாத உடம்பு. அலுமாரிக்குப் பின்னால் நின்றார். போர்வையை மடிக்க நேரமில்லை. மாமி ஒன்றும் சொல்லாமல் அதன்மேல் பாயை இழுத்துப் போட்டுக் காலை நீட்டிப் படுத்துவிட்டார்.

"என்ன மாமி, சுகமில்லையோ?"

"தலையிடி மேனை. எழும்ப ஏலாது."

"அப்ப அளவு?"

"படுத்தபடி எடும்."

தையலக்கா அளவு நாடாவோடு முழங்காலில் இருந்தார். படுத்திருக்கும் ஆளுக்குத் தோள் அளவு எப்படி எடுப்பது? மாமியைக் கொஞ்சம் புரட்டினார். பாயும் சேர்ந்து புரண்டது. பாயின் கீழே நீலமும் வெள்ளையுமாய் ஒரு மூலை வெளியே வந்தது.

அவர் அந்த மூலையைப் பிடித்தார். மெல்ல இழுத்தார். மறுபக்கம் திருப்பினார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். 

"ஆர் இது தைச்சது?"

"நான்தான் அக்கா."

அவர் தன் பையைத் திறந்து பாதிச் சவர பிளேட் ஒன்றை எடுத்தார். மாமியை ஒரு பக்கம் நகர்ந்து இருக்கச் சொன்னார். மாமியும் தலையிடியை மறந்து எழும்பி இருந்தார். தையலக்கா என்னுடைய வரிசையை ஒவ்வொரு இழையாகப் பிரிக்கத் தொடங்கினார். இரண்டு முக்கோணம் பிரித்த பிறகுதான் அவருக்கு அது எதற்கு எங்கள் கூடத்தில் ஒளிந்து கிடக்கிறது என்ற யோசனை வந்திருக்க வேண்டும்.

"ஆருக்கு இந்தப் போர்வை?" என்றார், தலை நிமிராமல்.

அலுமாரிக்குப் பின்னாலிருந்து சம்மாட்டியம்மாவின் குரல் வந்தது. "உமக்குத்தான் பிள்ளை. வேற ஆருக்கு?"

பிளேட் நின்றது. அறைக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தையலக்கா எங்களை ஒருவர் மாறி ஒருவராகப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த துணியை உள்ளங்கையால் நீவினார்.

"எனக்கு ஆரும் ஒண்டும் தைச்சுத் தந்ததில்லை," என்றார். குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார்.

எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. மாமி மூக்கைச் சிந்திக்கொண்டு தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். தையலக்கா மட்டும் மறுபடி குனிந்து பிரிக்கத் தொடங்கினார்.

"விடும் பிள்ளை," என்றார் சம்மாட்டியம்மா. "கலியாணப் பொம்பிளை தன்ர போர்வையைத் தானே தைக்கிறதோ?"

"பின்னை? இந்தக் கோணலோட என்னை மண்டைதீவுக்குப் போகச் சொல்லுறியளோ?"

அவர் பகிடி விட்டதை நாங்கள் கேட்டது அதுதான் முதற்தடவை. எங்களுக்கு நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

அதன் பிறகு புதன்கிழமைகளில் அவரும் வந்தார். என் வரிசைகளை நானே பிரித்து நானே மறுபடி தைத்தேன். நுனிகள் சந்திக்கத் தொடங்கின.

ஒருநாள் மாப்பிள்ளையின் அக்கா மண்டைதீவிலிருந்து பஸ்ஸில் வந்தார், அந்தச் சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு. கலியாணத்துக்கு அவளுக்குப் புதுச் சட்டை அளவெடுக்க வேண்டும். தையலக்கா வீட்டில் இல்லையென்று யாரோ சொல்லி, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒல்லியான பிள்ளை. இரட்டைப் பின்னல். போட்டிருந்த மஞ்சள் பூச் சட்டை முழங்காலுக்கு நன்றாக மேலே ஏறி, கையின் கீழே கம்புக்கூட்டில் இறுகிப் போயிருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு கூடத்து வாசலிலேயே நின்றாள்.

"இதைக் கழட்டமாட்டன் எண்டு நிக்கிறாள்," என்றார் மாப்பிள்ளையின் அக்கா, தையலக்காவுக்கு மச்சாள் ஆகப்போகிறவர். "தாய் தன்ர சீலையை வெட்டித் தைச்சது. கிழிஞ்சு விழுமட்டும் போடப்போறாளாம். நான் என்ன செய்ய?"

தையலக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பிள்ளையிடம் போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே அந்தச் சட்டையைப் பார்த்தார்.

"கழட்டவேண்டாம்," என்றார். "அந்தக் கரையை மட்டும் ஒருக்காப் பாக்கட்டோ?"

 பிள்ளை ஒரு அடி உள்ளே வந்தாள். தையலக்கா குனிந்து சட்டையின் கீழ்க்கரையை விரலால் பிடித்து உள்பக்கம் பார்த்தார்.

"இஞ்ச பாருங்கோ. உள்ளுக்கு எவ்வளவு மடிப்பு விட்டிருக்கிறா உங்கட அம்மா. கையால தைச்சிருக்கிறா, என்ன வடிவான தையல். நீங்கள் வளருவியள் எண்டு தெரிஞ்சு விட்டது இது. இதை அவிழ்த்துவிட்டா முழங்கால் மூடும். கம்புக்கூட்டுக்கு ஒரு துண்டு வைப்பம். இன்னும் கனநாள் போடலாம்."

பிள்ளை தன் சட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். அந்த மடிப்பு அங்கே இருப்பது அவளுக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை. அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு கைகளை விரித்துக்கொண்டு நின்றாள், அளவெடுக்கச் சொல்லி.

அன்று அவள் போகும்போது தையலக்கா மச்சாளைத் தனியே கூப்பிட்டு, அந்தச் சேலையில் ஏதும் மிச்சம் கிடக்கிறதா என்று கேட்டார். கம்புக்கூட்டுக்கு வைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தோம். அடுத்த கிழமை ஒரு முழம் மஞ்சள் துணி வந்தது. கம்புக்கூட்டுக்கு வேண்டியதை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் போர்வையின் மேல் வைத்தார்.

சம்மாட்டியம்மாவின் முகம் மாறிவிட்டது. "என்ன பிள்ளை செய்யிறீர்? செத்துப்போனவளின்ர சீலையைக் கலியாணப் போர்வையில வைக்கிறதோ? ஆகாது. சொல்லிப்போட்டன், ஆகாது."

எங்கள் பக்கத்துப் பெண்களும் அதுதான் சரி என்று தலையை ஆட்டினார்கள். எனக்கும் மனம் ஒப்பவில்லை. 

தையலக்கா வழமைபோல மெதுவாகத்தான் பேசினார். "அக்கா, அவா இருந்த வீட்டுக்குத்தானே நான் போறன். அவாவின்ர குசினி, அவாவின்ர கிணறு, அவா பெத்த பிள்ளை. அதெல்லாம் ஆகும், சீலை மட்டும் ஆகாதோ?"

  மாமிதான் முதலில் வாய் திறந்தார். மாமிக்குச் சகுனம் பார்க்காமல் படலை தாண்டும் பழக்கம் கிடையாது. அவர் அனுமதிப்பார் என்று நான் நினைக்கவேயில்லை.

"அவள் சொல்லுறது சரி. அந்தப் பிள்ளை இதுக்குள்ளதானே படுக்கப்போகுது. வையுங்கோ."

 சம்மாட்டியம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். "ஊசியைத் தாரும். அந்தத் துண்டை நான் தைக்கிறன்."

அவர் ஒரு துண்டை முழுதாகத் தைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி நுனிக்கு வந்துவிட்டது. நாக்கு வெளியே எட்டிப் பார்த்தது. ஒருவரும் பகிடி பண்ணவில்லை.

கலியாணம் கரம்பொனில் காலைப் பூசையோடு நடந்தது. வெள்ளைச் சேலையில் தையலக்கா தலை குனிந்தபடி நடந்து வந்தார். சட்டை அவரே தைத்தது. மாப்பிள்ளை வெயிலில் கறுத்த, நெடிய, கூச்சமான மனிதர். சின்னப் பிள்ளை புதுச் சட்டையோடு முன் வரிசையில் இருந்தாள். பழைய மஞ்சள் சட்டையைக் கடதாசிப் பையில் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களை வான் வண்டியில் ஏற்றும்போது ரீச்சர் போர்வையைக் கொண்டுபோய்த் தையலக்காவின் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கிப் பின்சீற்றில் இருந்த பிள்ளையின் பக்கத்தில் வைத்தார். வான் புறப்பட்டுத் திரும்பும்வரை நாங்கள் கையசைத்தோம்.

பிறகு சனிக்கிழமைகள் வெறிச்சென்று இருந்தன. துண்டு கொட்ட ஆளில்லை. திருப்பிப் பார்க்க ஆளில்லை. மூன்று நாலு மாதம் அப்படிப் போனபின் சம்மாட்டியம்மா ஒருநாள் கத்திரிக்கோலைப் பாயில் போட்டார். "அவளுக்கு வரேலாட்டி என்ன? நாங்கள் போவம்."

நாங்கள் எல்லோரும், மாமியும் சேர, துணி மூட்டைகளோடு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினோம். கடலுக்கு நடுவால் போகும் தெருவில் பஸ் போகும்போது உப்புக்காற்று யன்னலால் வந்து மடியில் இருந்த துண்டுகளை எல்லாம் கிளப்பியது. நடத்துனர் சிரித்துக்கொண்டே பொறுக்கித் தந்தார். மண்டைதீவுச் சந்தியில் இறங்கி வெயிலில் நடந்தோம்.

கிணற்றடிக் கொடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் தையலக்கா ஈரக் கையோடு ஓடி வந்தார். உடம்பு கொஞ்சம் வைத்திருந்தது. கதையும் கூடியிருந்தது. விறாந்தையில் பாய் விரித்து எங்களை இருத்திவிட்டு, முதலில் சொன்னது முறைப்பாடுதான்.

"நீங்கள் தைச்ச போர்வையால எனக்கு ஒரு சுகமும் இல்லை. இவள் ஒருத்தருக்கும் தாறாள் இல்லை. இந்த மனிசன் கடலுக்குக் கிழிஞ்ச சாரத்தோட போகுது."

அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து பிள்ளை வந்தாள். மஞ்சள் சட்டைதான் போட்டிருந்தாள், முழங்காலை மூடியிருந்தது. நேரே கிணற்றடிக்குப் போய் போர்வையில் மஞ்சள் துண்டு இருந்த முனையைப் பிடித்து எங்களுக்குக் காட்டினாள்.

"இதுதான் தலைமாடு. அம்மா இஞ்சதான் இருக்கிறா," என்றாள். பிறகு யோசித்துவிட்டு, தையலக்காவைப் பார்த்துக் கை நீட்டினாள். "சின்னம்மா அங்கால் பக்கம் படுப்பா."

சம்மாட்டியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வெயிலாம்.

"சரி," என்றார் ரீச்சர், கொப்பித் தாளை விரித்துக்கொண்டு, "அப்ப மாப்பிள்ளைக்கு ஒண்டு தொடங்குவம்."

அன்று மாப்பிள்ளைதான் எங்களுக்குக் கூழ் காய்ச்சினார். கடலில் இருந்து வந்த கையோடு நண்டும் இறாலும் போட்டு, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாக் கரைத்து, பெரிய பானையில் காய்ச்சிப் பலா இலையைக் கோலி அதில் வார்த்தார். ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. வெறும் பானையைக் கழுவப் போகும்போது மட்டும், "கொஞ்சம் நீளமாத் தையுங்கோ, எனக்குக் கால் வெளியில நிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்ச மாமிசம் சாப்பிடாத மாமிக்குத் தையலக்கா தனியே மரக்கறி சமைத்து வைத்திருந்தார், வருவோம் என்று யாரும் சொல்லி அனுப்பாமலே. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, முதல்நாள் சந்தியில் எங்கள் ஊர்ப் பஸ் நடத்துனர் சொன்னாராம்: சம்மாட்டியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று.

பின்னேரப் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. சம்மாட்டியம்மாவை இரண்டு பேர் பிடித்து ஏற்றினோம். மாமி யன்னலோரம் இருந்துகொண்டு, தான் பொருத்திய சதுரத்தை மடியில் விரித்துப் பார்த்தார்.

"அடுத்த முறை வரேக்க நான் முருங்கைக்காய் கொண்டு வரவேணும். அந்தப் பிள்ளைக்கு விருப்பமாம்," என்றார்.

சண்டையில் வழி அடைபடாமல் பஸ் ஓடிய காலமெல்லாம் மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் மண்டைதீவுக்குப் போய் வந்தோம்.